மிதித்தாலும் ரேஸ் ஏறவில்லையா? பெடலை மாற்றும் முன் 5 வோல்ட்டைப் பாருங்கள்!

டிராக்டர் முதல் விசைத்தெளிப்பான் வரை, பண்ணைக் கருவிகள் தொடர்பாக வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தரப்படுகிறது. இந்த இதழில், புதிய டிராக்டர்களில் பலரைக் குழப்பும் ‘ஆக்ஸிலேட்டர் சென்சார்’ பற்றிய கேள்விகள்.

கேள்வி: ‘‘2023-ம் ஆண்டு கடைசியில் 55 ஹெச்.பி டிராக்டர் வாங்கினோம். மக்காச்சோள விதைப்புக்கு ரோட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்பின் காலால் எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் ரேஸ் 1,200-ஐத் தாண்டவில்லை. அணைத்து ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. பெடல் செட், கன்ட்ரோல் பாக்ஸ் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவர், ‘ரெண்டு வயரைச் சேர்த்துவிட்டால் ஓடும்’ என்கிறார். மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. இன்னும் நான்கைந்து நாளில் ஈரம் போய்விடும். என்ன செய்வது?’’
- பெரம்பலூர் மாவட்ட வாசகர்

பதில்: முதலில் அவசரமான விஷயம். வயரைச் சேர்த்து ஓட்டும் யோசனையை உடனே கைவிடவும். அதற்கான காரணம் கீழே இருக்கிறது. விதைப்புக்கு ஈரம் முக்கியம் என்பதால், டிராக்டர் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு ‘உழவன்’ செயலி மூலம் பதிவு செய்யலாம். அருகில் இருக்கும் வாடகை மையத்திலும் கேட்கலாம். விதைப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். பழுதை நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். அவசரத்தில் பார்க்கும் மின்சார வேலைதான் பெரும்பாலும் செலவை இரட்டிப்பாக்குகிறது.

பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

பழைய டிராக்டரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், ஒரு ராடோ கேபிளோ டீசல் பம்ப்பில் இருக்கும் லீவரை இழுக்கும். மிதிக்கும் காலுக்கும் பம்ப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ‘டிரெம்-4’ புகை விதிகள் வந்தன. அதன் பிறகு இந்தப் பிரிவில் ‘காமன் ரெயில்’ இன்ஜின்கள் பரவலாகிவிட்டன. இவற்றில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதை இ.சி.யு எனப்படும் கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. கால் எவ்வளவு மிதித்திருக்கிறது, கை ஆக்ஸிலேட்டர் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்வதுதான் சென்சாரின் வேலை.

வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் நினைவிருக்கும். ஒரு வகை சென்சார் ஏறக்குறைய அதேதான். உள்ளே ஒரு கரிப்பட்டை. அதன்மேல் உரசி நகரும் ஒரு உலோக நாக்கு. பட்டையின் ஒரு முனைக்கு இ.சி.யு 5 வோல்ட் கொடுக்கும். மறு முனை எர்த். பெடல் நகர நகர, நாக்கு வழியாக வெளியேறும் வோல்ட் கூடிக்கொண்டே போகும். மிதிக்காதபோது ஏறக்குறைய அரை வோல்ட், முழுவதும் மிதித்தால் 4 முதல் 4.5 வோல்ட் என்பது பொதுவான அளவு. ஆக, ஒரு சென்சாருக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட், எர்த், சிக்னல்.

இன்னொரு வகையில் உரசும் பாகமே கிடையாது. பெடலோடு ஒரு காந்தம் திரும்பும். ‘ஹால்’ சில்லு அதை உணர்ந்து வோல்ட்டாக மாற்றும். இது தேய்வதில்லை. ஆனால், இதை ஓம் அளவு வைத்துச் சோதிக்க முடியாது. மின்சாரம் கொடுத்து, வரும் வோல்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு எதற்கு?

கால் பெடலில் பெரும்பாலும் இரண்டு சென்சார்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால்தான் சாக்கெட்டில் ஆறு வயர்கள். பல மாடல்களில், முதல் சென்சார் காட்டும் வோல்ட்டில் சரிபாதியை இரண்டாவது காட்டும். முதலாவது 0.8 என்றால் இரண்டாவது 0.4, முதலாவது 3.8 என்றால் இரண்டாவது 1.9. வேறு சில மாடல்களில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.

இ.சி.யு எந்நேரமும் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், ‘எந்தத் தகவலையும் நம்ப முடியாது’ என்று முடிவெடுத்து, விளக்கை எரியவிட்டு ரேஸைக் குறைந்த அளவில் நிறுத்திவிடும். வண்டியை வீடுவரை கொண்டுபோக மட்டும் போதுமான வேகம் இது. பெரம்பலூர் வாசகரின் டிராக்டரில் 1,200-ல் நிற்பதும் இப்படிப்பட்ட பாதுகாப்பு நடவடிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வயரைச் சேர்ப்பது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். காவலுக்கு நிற்கும் இருவரில் ஒருவரை அகற்றிவிட்டு, மற்றவர் சொல்வதையே இரண்டு முறை கேட்கச் செய்வதைப் போன்றது அது. அந்த ஒரு சென்சாரும் தவறினால் கால் வைக்காமலே ரேஸ் ஏறலாம். பின்னால் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஆள் நிற்கும்போது இது நடந்தால் என்னாகும்? அதோடு, 12 வோல்ட் வயர் தவறுதலாகச் சிக்னல் வயரில் பட்டால் இ.சி.யு-வே எரிந்துபோகலாம். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அதுவும் கைவிட்டுப் போகும்.

டீசல் பழுதா, சென்சார் பழுதா?

ரேஸ் ஏறாததற்கு எல்லா நேரமும் சென்சார் காரணமல்ல. கருவியைக் கழற்றிவிட்டு, பி.டி.ஓ-வை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துப் பார்க்கவும். சுமை இல்லாதபோது ரேஸ் நன்றாக ஏறி, சுமை கொடுத்ததும் விழுந்தால் டீசல் ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர், ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கசிவு, புகைவடிகட்டி அடைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுமையே இல்லாதபோதும் குறிப்பிட்ட ரேஸில் பிடித்துவைத்ததுபோல் நின்றால், விளக்கும் எரிந்தால், சந்தேகம் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, கை ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பார்க்கவும். பல மாடல்களில் கைக்கும் காலுக்கும் தனித்தனிச் சென்சார் உண்டு. கையில் ஏறுகிறது, காலில் ஏறவில்லை என்றால் பழுது கால் பெடலிலோ அதன் வயரிலோ இருக்கிறது. இரண்டிலும் ஏறவில்லை என்றால் பொதுவான 5 வோல்ட், எர்த், இ.சி.யு என்று தேட வேண்டியிருக்கும். சில மாடல்களில் ஒன்றில் பழுது வந்தாலே இ.சி.யு இரண்டையும் கட்டுப்படுத்திவிடும் என்பதால், இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

சோதிக்கும் முறை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. டெஸ்ட் பல்பை மட்டும் இந்த வயர்களில் வைக்கவே கூடாது. பல்பு இழுக்கும் கரன்ட்டை இந்தச் சர்க்யூட் தாங்காது.

பி.டி.ஓ நிறுத்தம், நியூட்ரல், பார்க்கிங் பிரேக் மூன்றையும் உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கீழே சொல்லும் சோதனைகளுக்கு இன்ஜின் ஓட வேண்டியதில்லை. சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தால் போதும். காமன் ரெயில் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும் என்பதால் டீசல் குழாய் நட்டுகளைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

1. கண்ணால் பார்த்தல்: கால் பெடலின் சாக்கெட் இருப்பது ஃபுட்போர்டு பக்கம். சேற்று உழவில் தண்ணீர் தெறிப்பதும், உர மூட்டையிலிருந்து யூரியா கொட்டுவதும் அங்கேதான். சாவியை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றி, பின்களில் பச்சைப் படிவு, ஈரம், வளைவு இருக்கிறதா என்று பார்க்கவும். வயர்கள் போகும் வழி முழுவதும் எலி கடித்த தடம் தேடவும். மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்தில் டிராக்டர் நிற்கும் கொட்டகையில் இது சாதாரணம். பின்னை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். ‘கான்டாக்ட் கிளீனர்’ ஸ்பிரே அடித்து, உலரவிட்டு மாட்டவும். பலருக்குப் பழுது இத்தோடு தீர்ந்துவிடும்.

2. பேட்டரி: ஓய்வில் இருக்கும்போது 12.5 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும், எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலும் இல்லாத பழுதுகளெல்லாம் இருப்பதாக விளக்கு எரியும்.

3. 5 வோல்ட்: சாவியை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, மீண்டும் சாவியை ‘ஆன்’ செய்யவும். மீட்டரை 20 வோல்ட் டி.சி-யில் வைத்து, வண்டிப்பக்கத்து சாக்கெட்டில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளக்கவும். எது எந்தப் பின் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வயர் நிறத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் நலம். வரவில்லை என்றால், கறுப்பு முனையை எர்த் பின்னிலிருந்து எடுத்து பேட்டரி நெகட்டிவில் வைக்கவும். இப்போது 5 வோல்ட் வந்தால் எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. இப்போதும் வரவில்லை என்றால் 5 வோல்ட் வயரிலோ, அதற்கும் அப்பாலோ பழுது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஒரே 5 வோல்ட் வயர் இரண்டு மூன்று சென்சார்களுக்குப் பங்காகப் போவது உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், எல்லாவற்றுக்கும் 5 வோல்ட் போய்விடும். ஒரு வீட்டு மோட்டாரில் ஷார்ட் ஆனதால் தெருவுக்கே ஃபியூஸ் போவதைப் போலத்தான். அந்த வயரில் இருக்கும் சென்சார்களின் சாக்கெட்டை, சாவியை அணைத்து அணைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. இதைச் செய்யாமல் ‘இ.சி.யு போச்சு’ என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

4. சிக்னல்: சாவியை அணைத்து, சாக்கெட்டைத் திரும்ப மாட்டவும். மெல்லிய குண்டூசியை சாக்கெட்டின் பின்பக்கம், வயர் நுழையும் துளை வழியாகச் சிக்னல் பின்னைத் தொடும்படி செருகவும். வயர் உறையைக் குத்தக் கூடாது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடுத்த பருவத்தில் வயர் உள்ளேயே அரித்துவிடும். சாவியை ‘ஆன்’ செய்து, பெடலை மிக மெதுவாக முழுவதும் மிதித்து, மெதுவாக விடவும். வோல்ட் தடங்கல் இல்லாமல் ஏறி, அதேபோல் இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, துள்ளினாலோ சென்சார் தேய்ந்துவிட்டது. பத்து முறையாவது செய்து பார்க்கவும். இரண்டாவது சிக்னலையும் இதேபோல் அளந்து, இரண்டும் கணக்குக்கு ஒத்துவருகின்றனவா என்று எழுதிப் பார்க்கவும்.

ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ-வை 540 சுற்றில் வைத்து மணிக்கணக்கில் ஓட்டும்போது, கை லீவர் ஒரே இடத்தில் நிற்கிறது. இன்ஜின் அதிர்வில் உள்ளே நாக்கு அந்த ஒரே இடத்தைத்தான் அரைக்கிறது. எனவே, உரசும் வகைச் சென்சாராக இருந்தால், வழக்கமாக வேலை செய்யும் ரேஸ் இருக்கும் இடத்தில் மிகமிக மெதுவாக நகர்த்திச் சோதிக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டர் சில நொடிப்பொழுது சறுக்கலைக் காட்டாமல் தவறவிடும். முள் உள்ள பழைய மீட்டர் இருந்தால், முள்ளின் துடிப்பில் அது தெரிந்துவிடும்.

5. ஆட்டிப் பார்த்தல்: ‘அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, அரை மணியில் திரும்ப வருகிறது’ என்று வாசகர் சொல்வது முக்கியமான துப்பு. விட்டுவிட்டு வரும் பழுதுக்குப் பெரும்பாலும் வயரோ சாக்கெட்டோதான் காரணம். மீட்டரை மாட்டியபடியே, பெடலைத் தொடாமல், வயர் கட்டை சாக்கெட்டிலிருந்து தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாக ஆட்டிக்கொண்டே போகவும். எந்த இடத்தில் வோல்ட் மாறுகிறதோ, அங்கேதான் வயர் முறிந்திருக்கிறது.

எப்போது எதை மாற்றுவது?

- 5 வோல்ட், எர்த் நன்றாக இருந்து, சிக்னல் மட்டும் துள்ளினால்: சென்சாரை மாற்றவும். பல மாடல்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது. பெடலோடு சேர்ந்தே வரும். அந்த வகையில் ‘பெடல் செட்’ என்று சொல்வது ஏமாற்று அல்ல.
- சாக்கெட் கழற்றியிருக்கும்போது 5 வோல்ட் வந்து, மாட்டியதும் விழுந்தால்: சென்சார் உள்ளே ஷார்ட். அதை மாற்றவும்.
- சென்சாரில் சிக்னல் சரியாக இருந்து, ஸ்கேனரில் பெடல் சதவிகிதம் தவறாகக் காட்டினால்: சென்சாருக்கும் இ.சி.யு-வுக்கும் நடுவே வயரைப் பார்க்கவும்.
- எல்லாச் சென்சாரையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் வரவில்லை, வயரும் ஃபியூஸும் நலம் என்றால்: அப்போதுதான் இ.சி.யு மீது சந்தேகம் வர வேண்டும்.

ஸ்கேனர் காட்டும் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். டிராக்டர்களில் அதிகம் வரும் முறையில், எஸ்.பி.என் 91 என்றால் கால் ஆக்ஸிலேட்டர் சர்க்யூட், எஸ்.பி.என் 974 என்றால் கை ஆக்ஸிலேட்டர் போன்ற இரண்டாவது கட்டுப்பாடு. கூடவே வரும் எஃப்.எம்.ஐ எண் 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 2 என்றால் தாறுமாறாக வருகிறது. இந்த எண் பழுது இருக்கும் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. கெட்டுப்போன பாகத்தைச் சொல்வதில்லை. எலி கடித்த வயருக்கும் 91 என்றுதான் வரும்.

ஆகவே பெரம்பலூர் வாசகர் செய்ய வேண்டியது: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லைப் பார்க்கவும். முடியவில்லை என்றால் எதையும் கழற்றாமல் சர்வீஸ் சென்டரிலேயே விடவும். முடிந்திருந்தாலும், இ.சி.யு மாற்றச் சம்மதிக்கும் முன் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்கவும். ஸ்கேனர் எண் என்ன? சாக்கெட்டில் 5 வோல்ட் எவ்வளவு வருகிறது? மிதிக்காமலும் முழுவதும் மிதித்தும் இரண்டு சிக்னல்களும் எவ்வளவு? இந்த மூன்றையும் சொல்லாமல் இரண்டு பாகங்களை மாற்றச் சொன்னால், அது சோதித்துச் சொன்னதல்ல; ஊகம். புதிய பெடல் மாட்டினால், அதன் கீழ், மேல் அளவுகளை இ.சி.யு-வுக்கு ஸ்கேனர் மூலம் பழக்க வேண்டுமா என்பதையும் கேட்டு, முடித்துத் தரச் சொல்லவும்.

கேள்வி: ‘‘எங்களிடம் இருப்பது 2012-ம் ஆண்டு வாங்கிய 42 ஹெச்.பி டிராக்டர். கை ஆக்ஸிலேட்டரை ஏற்றி வைத்தால் தானாகவே இறங்கிவிடுகிறது. இதுவும் சென்சார் பழுதா?’’
- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: இல்லை. அந்தக் காலத்து டிராக்டரில் லீவர் நேரடியாக பம்ப்பின் கவர்னரை இழுக்கிறது, சென்சார் கிடையாது. லீவர் அடியில் ஒரு உராய்வு வாஷரும், அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் நட்டும் இருக்கும். வாஷர் தேய்ந்தாலோ, நட்டு தளர்ந்தாலோ அதிர்வில் லீவர் இறங்கும். நட்டைச் சிறிது இறுக்கிப் பார்க்கவும். பிடிக்கவில்லை என்றால் வாஷரை மாற்றவும். அந்த இடத்தில் எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. பம்ப்பில் சீல் வைத்த ஸ்குருவை மட்டும் தொட வேண்டாம்.

கேள்வி: ‘‘காய்கறி ஏற்றிச் செல்ல பெட்ரோல் மினி லாரி வைத்திருக்கிறேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது திணறுகிறது. ‘த்ராட்டில் சென்சார்’ மாற்றச் சொல்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றா?’’
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: வேலை செய்யும் விதம் ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியில் ஒரு தட்டு திறந்து மூடும். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது த்ராட்டில் சென்சார். மூடியிருக்கும்போது அரை வோல்ட் முதல் 1 வோல்ட்டுக்குள் இருந்து, திறக்கத் திறக்க ஏற வேண்டும். கிளம்பும்போது மட்டும் திணறினால், மூடிய நிலையிலிருந்து கால்வாசி திறக்கும்வரை உள்ள பகுதியை மெதுவாகச் சோதிக்கவும். அதிகம் தேய்வது அங்கேதான்.

சென்சாரை மாற்றும் முன் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா, காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கவும். கேபிள் இல்லாமல் மோட்டாரால் இயங்கும் தட்டாக இருந்தால், அதை விரலால் தள்ளக் கூடாது. சாவி ‘ஆன்’ நிலையில் அது திடீரென்று மூடி விரலை நசுக்கிவிடும். உள்ளே இருக்கும் பற்சக்கரமும் உடையலாம்.

கேள்வி: ‘‘டிராக்டரைக் கழுவிய மறுநாள் விளக்கு எரிகிறது. வெயிலில் நிறுத்தினால் அணைந்துவிடுகிறது. விட்டுவிடலாமா?’’
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: விட்டுவிட வேண்டாம். எங்கோ ஒரு சாக்கெட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. சாக்கெட்டின் ரப்பர் சீல் கிழிந்தோ, நழுவியோ இருக்கும். இப்போது சில ரூபாய் சீலோடு முடியும். அடுத்த சேற்று உழவுக்குள் பின் அரித்தால் வயர் கட்டையே மாற்ற வேண்டிவரும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பெடல் பகுதி, கை லீவர் அடிப்பகுதி, இ.சி.யு, அதன் சாக்கெட் ஆகியவற்றில் அழுத்தத் தண்ணீரை அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடவும். அந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கவனத்தில் வைக்க...

- தானிய மூட்டை, தீவனம், வைக்கோல் ஆகியவற்றை டிராக்டர் நிறுத்தும் இடத்திலிருந்து தள்ளி வைக்கவும். மாதம் ஒருமுறை வயர் கட்டுகளில் எலித்தடம் பார்க்கவும்.
- வெல்டிங் வேலை இருந்தால், பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே வெல்டிங் செய்யவும், முடிந்தால் இ.சி.யு சாக்கெட்டையும் கழற்றிவிடவும்.
- பழுது இல்லாத நாளில் பெடல், கை லீவர் சிக்னல்களை ஒருமுறை அளந்து, சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைக்கவும். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது.

கேள்வி அனுப்பும் வாசகர்கள் டிராக்டரின் ஹெச்.பி, வாங்கிய ஆண்டு, ஓடிய மணிநேரம், விளக்கு எரிந்தால் அதன் நிறம், ஸ்கேனர் எண் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், பதில் துல்லியமாக இருக்கும்.